பிக்அப் எங்கே இருக்கிறது?

(உத்திரமேரூரில் மோட்டார் தொழிலாளர்கள், மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பட்டறையை அரை நாள் சாத்திவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவ மாணவியருக்கு வணக்கம். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனி வணக்கம். தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்தான்.

உத்திரமேரூரில் மேடை ஏறுகிறவர்கள் பராந்தக சோழனில் தொடங்கிக் குடவோலையில் முடிப்பது வழக்கம். அந்தக் குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பத்திரமாக இருக்கின்றன. இன்று ஒரு மாலைக்கு அவற்றை நிம்மதியாக இருக்க விடலாம். இன்றைய பொருள் வேறு. கையால் கியர் மாற்றும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, நின்ற இடத்திலிருந்தும் வளைவிலிருந்தும் சீறிக் கிளம்ப வேண்டும். அதில் ஓட்டுநரின் வலது காலுக்கு என்ன வேலை? அந்தக் கால் எப்போது அழுத்த வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும்?

ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த ஊரில் பந்தயக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில்தான், நாட்டின் பெயர்பெற்ற பந்தயத் தடம் 1990 முதல் இருக்கிறது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். நாராயண் கார்த்திகேயன் ஓட்டிய தடம். நடிகர் அஜித்குமார் ஓட்டிய தடம். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கார் பூட்டும் கைகளில் பல இந்தப் பக்கத்துக் கிராமங்களின் கைகள். காரைப் பூட்டத் தெரிந்த ஊருக்கு, அதை விரட்டும் வித்தையும் தெரிந்திருப்பதில் தவறில்லை.

வேகம் என்றதும் எல்லோரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள். எத்தனை சிசி? எத்தனை குதிரைத்திறன்? டீக்கடை பெஞ்சில் இந்தக் கணக்குதான் ஓடும். ஆனால் ஒரே காரை, ஒரே தடத்தில், ஒரே நாளில் இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் முன்னே போகிறார், ஒருவர் பின்தங்குகிறார். எஞ்சின் ஒன்று. டயர் ஒன்று. பெட்ரோல் ஒன்று. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காலிலிருந்து வந்தது.

முதலில் அந்தக் காலுக்குக் கீழே இருப்பதைப் பார்ப்போம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பெட்ரோல் கூடுதலாக ஊற்றுகிறது என்று நினைப்பவர்கள் பலர். பெட்ரோல் காரில் முதலில் திறப்பது காற்றின் வழி. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் வட்டமான ஒரு சிறு தகடு இருக்கிறது. அதுதான் திராட்டில், பட்டறை மொழியில் பட்டர்ஃபிளை. கால் அழுத்த அழுத்த அது சாய்ந்து வழிவிடும். உள்ளே போன காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோல் சேர்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஆக, கால் ஆள்வது காற்றை. டீசல் டிராக்டரில் இந்தத் தகட்டுக்கு வேலை இல்லை; அங்கே டீசலின் அளவையே கூட்டிக் குறைக்கிறோம். இங்கே உட்கார்ந்திருக்கும் டிராக்டர் மெக்கானிக்குகள் இப்போது தலையாட்டுவது மேடையிலிருந்து தெரிகிறது.

இந்தத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, அதாவது 1500 ஆர்.பி.எம். போன்ற நிலையில், பாதி திறந்தாலே எஞ்சினால் குடிக்க முடிந்த காற்று கிட்டத்தட்ட முழுவதும் கிடைத்துவிடும். அதற்கு மேல் தரையோடு தரையாக மிதித்தாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. வண்டி முனகும், அவ்வளவுதான். அதே தகடு 6000 ஆர்.பி.எம்.மில் முழுதாகத் திறந்தால்தான் எஞ்சினுக்கு மூச்சு வரும். ஆகவே மிதியின் அர்த்தம் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. மேல் கியரில், குறைந்த சுற்றில் ஓங்கி மிதித்துவிட்டு “வண்டியில் பிக்அப்பே இல்லை” என்று பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளரை இங்கே உள்ள அண்ணன்மார்கள் நிறையவே பார்த்திருப்பார்கள். பழுது வண்டியில் இல்லை. ஒரு கியர் இறக்கியிருந்தால் போதும்.

இன்றைய கார்களில் மிதிக்கும் தகட்டுக்கும் இடையே கேபிள் இல்லை. மிதி ஒரு மின்சமிக்ஞையை அனுப்புகிறது, கணினி ஒரு சிறு மோட்டாரால் தகட்டைத் திறக்கிறது. ‘ஸ்போர்ட்’ என்ற பொத்தானை அழுத்தினால் கார் திடீரென்று துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். பல கார்களில் எஞ்சினின் உச்ச சக்தி அதனால் ஒரு துளியும் கூடுவதில்லை. சிறிது மிதித்தாலே தகடு அதிகம் திறக்கும்படி கணக்கை மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் துள்ளலை நம்பி ஏமாந்து போகிற கால், வளைவில் தேவைக்கு மேல் கொடுத்துவிடும்.

சரி, எஞ்சின் சக்தி கொடுத்துவிட்டது. கார் நகர்ந்துவிடுமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. காரைத் தள்ளுவது எஞ்சின் அல்ல, டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த உள்ளங்கை வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். அது தாங்குவதற்கு மேல் கொடுத்தால் சக்கரம் சுற்றும், கார் நிற்கும்.

சேற்று வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சக்கரம் சிக்கியதும் புதிதாக ஓட்டுகிற பையன் என்ன செய்வான்? இன்னும் ரைஸ் பண்ணுவான். சக்கரம் இன்னும் தோண்டும். பழகிய ஆள் திராட்டிலைக் குறைத்து, கிளட்சை மெல்ல விட்டு, சக்கரம் தரையைப் பிடிக்கிற அந்த ஒரு புள்ளியைத் தேடுவார். காய்ந்த பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கும் அதே விதிதான். தரை மட்டும்தான் வேறு.

அதில் ஒரு நுணுக்கமும் உண்டு. சக்கரம் கொஞ்சமும் வழுக்கவே கூடாது என்று நினைப்பதும் தவறு. காய்ந்த தாரில் பொதுவாக, கார் போகும் வேகத்தைவிடச் சக்கரம் 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகச் சுற்றும்போதுதான் டயர் அதிகப் பிடிப்பைத் தருகிறது. அதற்குக் குறைந்தால் பிடிப்பு மிச்சமாகிறது, வீணாகிறது. அதற்கு மேல் போனால் புகையும் சத்தமும் வரும், முன்னேற்றம் குறையும். சினிமாவில் டயரைப் புகைய விட்டுக் கிளம்பும் கதாநாயகனைப் பார்த்து விசில் அடிக்கிறோம். உண்மையான பந்தயத்தில் அவருக்கு முன்னால் நாலு பேர் போயிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார் முன்னோக்கிப் பாயும்போது அதன் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. எவ்வளவு? ஒரு சின்னக் கணக்கு. கார் 1000 கிலோ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர். பாரத்தின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் எடுத்தால், 100 கிலோ பாரம் முன்னிருந்து பின்னுக்கு மாறும். பின் சக்கரம் தள்ளும் காருக்கு இது வரம். தள்ளுகிற சக்கரம் இன்னும் அழுத்தமாகத் தரையைப் பிடிக்கும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களைப் போல முன் சக்கரம் இழுக்கும் காருக்கு இதே கணக்கு சாபம். இழுக்கிற சக்கரத்திலிருந்து பாரம் கழன்று போகிறது. எஞ்சினைப் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கவிட்ட போர்ஷே 911, நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் பெயர் வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். பாரம் ஏற்கெனவே தள்ளுகிற சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

பாரம் நகர ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் ஆகும். டயரின் பிடிப்பு அந்த நேரத்துக்குள்தான் வளர்கிறது. ஆகவே கால் என்ன செய்ய வேண்டும்? பாரம் வந்து உட்காரும் வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் வழுக்கல். பின்னால் கொடுத்தால் தாமதம்.

இப்போது கிளம்பும் கட்டத்துக்கு வருவோம். அதற்கு ஒரு பழைய இடத்துக்குப் போக வேண்டும். சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. இன்று அந்த ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில். அன்றோ உத்திரமேரூரும் சோழவரமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1980களின் இறுதி வரை சோழவரப் பந்தயம் என்றால் சென்னையே கிளம்பிப் போகும் திருவிழா. கூடை நிறையச் சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

அங்கே ஓடியவை என்ன? ஃபெராரியா? பெரும்பாலும் நம் வீட்டு வாசலில் நின்ற ஃபியட்டும் ஹெரால்டும்தான், பட்டறையில் உருமாறி வந்தவை. பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அந்த ஃபியட்டின் எஞ்சின் 1089 சிசி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது நாற்பது சொச்சம் குதிரைத்திறன். கியர் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டி. எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது. ஆகவே ஓட்டுகிறவர்கள் காதைத்தான் நம்பினார்கள். எஞ்சின் இந்தச் சுருதிக்கு வந்தால் கிளட்சை விடு, அந்தச் சுருதிக்கு வந்தால் கியரை மாற்று.

அந்தக் காது செய்த வேலையை இன்று எண்ணில் சொல்லலாம். கிளம்புமுன் எஞ்சினை எவ்வளவு சுற்ற விடுவது? டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சின் என்றால் 3000 முதல் 4000 ஆர்.பி.எம். வரை தொடங்கிப் பார்ப்பார்கள். மிகக் குறைந்தால், கிளட்ச் பிடித்ததும் எஞ்சின் அமுங்கிவிடும். மீண்டும் எழுந்து வருவதற்குள் பக்கத்து வரிசைக் கார் போய்விடும். மிகக் கூடினால் சக்கரம் வெறுமனே சுற்றும்.

கொடி விழுந்தது. இப்போது இரண்டு கால்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. இடது கால் கிளட்சைப் பிடிப்புப் புள்ளி வரை விரைவாக விடுகிறது. அங்கே ஒரு கணம் தங்குகிறது. பிறகு முழுவதும் விடுகிறது. வலது கால் அந்தத் தங்கலின்போது எஞ்சின் சுற்று விழாதபடி தாங்கிப் பிடிக்கிறது. கிளட்ச் முழுதாகப் பிடித்தபின் மிதி கீழே இறங்குகிறது. சக்தி குறைந்த காரில் உடனே தரை வரை போகலாம். சக்தி மிகுந்த பின்சக்கரக் காரில் அரையிலிருந்து முழுவதற்குப் போக ஒன்றிரண்டு நொடிகள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு ஏழு நொடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காருக்கு இது பெரும் பகுதி. ஆனாலும் அங்கே பொறுத்தவர்தான் முந்துகிறார்.

சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டால்? புதியவர்கள் காலை முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். அதுவும் கேடு. எடுத்ததும் பாரம் முன்னே சாய்கிறது, பின் சக்கரம் இலேசாகிறது, பிடிப்பு இன்னும் குறைகிறது. விரற்கடை அளவு தளர்த்தினால் போதும். சக்கரம் தரையைப் பிடிக்கும். மீண்டும் கொடுக்கலாம்.

அரைக் கிளட்சில் இப்படிப் பத்து முறை கிளம்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று மெக்கானிக்குகளைக் கேளுங்கள். தட்டு கருகும் வாசனையே பதில் சொல்லும். பந்தயக்காரர்களின் செலவுக் கணக்கில் கிளட்ச் தட்டுக்குத் தனி வரி உண்டு.

அடுத்து கியர் மாற்றம். எப்போது மாற்றுவது? சிவப்புக் கோடு வரும் வரை இழு என்பார் ஒருவர். வேண்டாம், எஞ்சின் கெடும், முன்பே மாற்று என்பார் இன்னொருவர். இருவரையும் உட்கார வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாதிரி எஞ்சின்: 4500 ஆர்.பி.எம். அருகே அதன் முறுக்குவிசை, பட்டறையில் புல்லிங் என்கிறோமே அது, உச்சமாக 140 அலகு. 6500-இல் அது 110 ஆகக் குறைகிறது. முதல் கியர் 3.5 மடங்கு, இரண்டாவது 2 மடங்கு. முதல் கியரில் 6500-இல் சக்கரத்தை நோக்கிப் போவது 110-ஐ 3.5 ஆல் பெருக்கினால் 385. இரண்டாவது கியருக்கு மாற்றினால் சுற்று சுமார் 3700-க்கு விழும். அங்கே எஞ்சின் 140-ஐயே தந்தாலும், இரண்டால் பெருக்கினால் 280தான். 385 எங்கே, 280 எங்கே? ஆகவே முதல் கியரில் கடைசி வரை இழுக்க வேண்டும்.

இனி மேல் கியர். மூன்றாவது 1.3 மடங்கு, நான்காவது 1 மடங்கு. மூன்றாவதில் 6500-இல் 143. நான்காவதுக்கு மாறினால் சுற்று 5000. அங்கே எஞ்சின் 140 தருகிறது. 143, 140. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. எஞ்சின் மேல் சுற்றில் இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்குகிற ரகம் என்றால், அங்கே சிவப்புக் கோட்டுக்கு முன்பே மாற்றுவதுதான் லாபம். ஆக, இருவரும் சரி. கியர் எது என்பதைச் சொல்லாமல் விட்டதால்தான் சண்டை.

மாற்றும் அந்தக் கணத்தில் கால் என்ன செய்கிறது? வலது கால் எழுவதும் இடது கால் கிளட்சை அழுத்துவதும் ஒரே நொடியில் நிகழ வேண்டும். வலது கால் பிந்தினால் எஞ்சின் அலறும். இடது கால் பிந்தினால் கார் ஒரு குலுங்கு குலுங்கும், அந்தக் குலுங்கலில் பாரம் முன்னே போய்ப் பின்னே வரும், பிடிப்பு கலையும். புதிய கியர் விழுந்து கிளட்ச் மேலே வரும்போது மிதியும் கூடவே இறங்க வேண்டும். காலை எடுக்காமலேயே கியர் மாற்றும் வித்தையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். அதற்கென்று அமைக்காத வண்டியில் செய்தால் கியர்ப் பெட்டியும் கிளட்சும் வாங்கும் அடி சாதாரணமல்ல.

நேர்ச்சாலை முடிந்தது. வளைவுக்கு வருவோம். உண்மையில் கால் எவ்வளவு படித்திருக்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு. வளைவில் திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், முன்னே தள்ளவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டும் செங்குத்தான திசைகளில் இருப்பதால், பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே வேலைக்கு வருகிறது. மொத்தப் பிடிப்பில் 80 விழுக்காட்டைத் திரும்புவதற்குச் செலவிட்டால், தள்ளுவதற்கு 60 மிச்சம். திரும்புவதற்கு 60 போதும் என்றால், தள்ள 80 கிடைக்கும். பத்தாம் வகுப்பில் “இது எதுக்கு சார்?” என்று கேட்டவர்கள் இந்த அவையில் இருந்தால், இதற்குத்தான். நடைமுறையில் இதன் பொருள்: ஸ்டியரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவு கால் இறங்கலாம். கையும் காலும் ஒரே கயிற்றில் கட்டியதாக ஓட்டுநர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம் மிதிப்பதில் அப்படி என்ன லாபம்? வளைவிலிருந்து வெளியேறும்போது ஒருவர் 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். இன்னொருவர் 95. ஐந்து கிலோமீட்டர்தானே? வளைவுக்குப் பின் 400 மீட்டர் நேர்ச்சாலை. இருவருமே நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் கூட்டுகிறார்கள். கணக்குப் போட்டால் முதலாமவருக்குச் சுமார் 11.1 நொடி, இரண்டாமவருக்குச் சுமார் 10.8 நொடி. முடிவில் வித்தியாசம் 15 மீட்டர். மூன்று கார் நீளத்துக்கும் மேல். அதுவும் ஒரே வளைவில். ஒரு தடத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை வளைவு, பந்தயத்துக்கு எத்தனை சுற்று என்று பெருக்கிப் பாருங்கள்.

இங்கே ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் கரிவர்தன். சோழவரத்தில் ஓட்டியவர், ஓட்டியதோடு நில்லாமல் கட்டியவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத நாட்டில், மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று அது ஓடியது. 796 சிசி, மூன்று சிலிண்டர். சாலைக் காரில் இருந்தபோது 40 குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின். 1995-இல் கரிவர்தன் காலமானார். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இன்றும் இருக்கிறது.

இவ்வளவு சின்ன எஞ்சினில் காலுக்கு என்ன படிப்பு என்று கேட்கலாம். அங்கேதான் பெரிய படிப்பு. 600 குதிரைத்திறன் காரில் வளைவில் தவறு செய்தால் நேர்ச்சாலையில் மிதித்து ஈடுகட்டலாம். சின்ன எஞ்சினில் இழந்த வேகம் இழந்ததுதான். திரும்ப வர வெகு தூரம் பிடிக்கும். ஆகவே அந்தக் காரில் பழகியவர்கள் காலை எடுக்காமல் இருக்கக் கற்றார்கள். முன்கூட்டியே மெல்லக் குறைத்து, வளைவின் நடுவிலிருந்தே திறந்து, திறந்ததை மூடாமல் வெளியேறக் கற்றார்கள். எஞ்சின் பற்றாக்குறைதான் அவர்களுக்கு வாத்தியார்.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் நாராயண் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். மகன் முதல் பந்தயத்தை ஓட்டியது நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், ஃபார்முலா மாருதியில். அதிலேயே வெற்றி மேடை ஏறினார். பிறகு பிரான்சின் வின்ஃபீல்ட் பள்ளி, இங்கிலாந்து, ஆசியா. 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் மிஷலின் டயர்ச் சிக்கலால் ஆறு கார்கள் மட்டுமே ஓட, நான்காவதாக வந்து புள்ளி எடுத்தார். அவர் காலுக்குக் கீழே அப்போது இருந்தது மூன்று லிட்டர் வி10 எஞ்சின். சக்கரம் வழுக்கினால் கணினியே சக்தியைக் குறைக்கும் வசதி அந்த ஆண்டு ஃபார்முலா 1-இல் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2008-இல் அதைத் தடை செய்தார்கள். காலின் வேலையைக் காலிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

காலின் மென்மைக்கு உலகம் காட்டும் பெயர் ஜாக்கி ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்துக்காரர், 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன், 27 வெற்றிகள். அவர் ஓட்டுவதை வெளியிலிருந்து பார்த்தால் வேகமாகப் போகிற மாதிரியே தெரியாது என்பார்கள். முறைப்படி கற்பிக்கும் எவரும் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அப்படியானால் அயர்ட்டன் சென்னா? அவர் செய்தது நேர்மாறு. வளைவின் நடுவிலேயே மிதியைத் தட்டித் தட்டி, டக் டக் டக் என்று எஞ்சின் பேச ஓட்டினார். மூன்று முறை உலகச் சாம்பியன். இதை எப்படி விளக்குவது? 1980களின் டர்போ எஞ்சின்களில் காலை எடுத்தால் டர்போவின் சுழல் குறைந்துவிடும். மீண்டும் மிதித்தபின் சக்தி வரத் தாமதமாகும். தட்டிக்கொண்டே இருந்தால் டர்போ விழித்திருக்கும். ஒவ்வொரு தட்டலும் டயரில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சோதிக்கும் கேள்வியாகவும் இருந்தது. டர்போ இல்லாத காரிலும் அவர் அதை விடவில்லை என்பது வேறு விஷயம். இந்த மேடையிலிருந்து சொல்லக்கூடியது: ஸ்டூவர்ட்டைப் பார்த்துப் பழகலாம், சென்னாவைப் பார்த்து ரசிக்கலாம். இரண்டாவதைப் பழகப் போனால் வண்டி புல்வெளியில் நிற்கும்.

வளைவுக்குள் நுழையும்போது கியர் இறக்க வேண்டுமே, அப்போது? வலது கால் பிரேக்கில் இருக்கிறது. எஞ்சின் சுற்றை உயர்த்தவும் அதே கால்தான் வேண்டும். ஒரு கால், இரண்டு மிதி. பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் அழுத்த, அதன் வெளிப்பக்கத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டுவார்கள். எஞ்சின் சுற்று எழும், கீழ் கியரின் வேகத்துக்குப் பொருந்தும், கிளட்ச் குலுங்காமல் பிடிக்கும். தட்டாமல் கிளட்சை விட்டால் பின் சக்கரம் ஒரு கணம் இழுபட்டுப் பூட்டிக்கொள்ளும். வளைவின் வாயில் அது நடந்தால் கார் சுழலும். இதைக் கற்கச் சிலருக்கு மாதங்கள் ஆகும். நிறுத்தி வைத்த காரில், எஞ்சினை அணைத்துவிட்டு, பாதத்தை மட்டும் பழக்குவதில் தொடங்கலாம்.

இப்போதைய நிலவரத்தையும் ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலையை ஒட்டி, விளக்கொளியில் தெருப் பந்தயம் நடந்தது. அதில் ஓடிய ஃபார்முலா 4 கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் துடுப்பைத் தட்டினால் கியர் மாறும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த போர்ஷேவும் அந்த ரகம். இடது காலுக்குக் கிளம்பும்போது மட்டும்தான் கிளட்ச் வேலை. அப்படியானால் மேனுவல் பழகுவது வீணா? கையின் வேலை போனது, இடது காலின் வேலை குறைந்தது. வலது காலின் வேலை ஒரு துளி குறையவில்லை. பாரம் அப்படியே சாய்கிறது, டயர் அப்படியே வழுக்குகிறது.

இனி தம்பிகளிடம் நேராக ஒன்று. இதையெல்லாம் எங்கே செய்து பார்ப்பது? காஞ்சிபுரம் சாலையிலா? அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிச் சாலையில் கல் லாரிகள் சிந்திய பொடி கிடக்கும். இத்தனை நேரம் பேசிய டயர்ப் பிடிப்பு அந்தப் பொடியின் மேல் பாதிகூட இருக்காது. கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். எதிரே சைக்கிளில் வருபவர் உங்கள் வீட்டுப் பெரியவராகக்கூட இருக்கலாம். தடத்தில் தவறு செய்தால் ஓரத்தில் சரளை இருக்கிறது, டயர்ச் சுவர் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஊர்ச் சாலையில் புளியமரம் இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலேயே கார்ட்டிங் ஓடுதளம் இருக்கிறது. கார்ட்டில் பொதுவாகக் கியர் கிடையாது, கிளட்ச் மிதி கிடையாது. வலது காலில் ஆக்ஸிலரேட்டர், இடது காலில் பிரேக், அவ்வளவுதான். இன்று பேசியதில் முக்கால் பங்கை அந்த இரண்டு மிதியில் கற்றுவிடலாம். பந்தய வீராங்கனை அலிஷா அப்துல்லா போன்றவர்கள் சிறு வயதில் கார்ட்டில் தொடங்கித்தான் பைக்குக்கும் காருக்கும் போனார்கள். போட்டியில் இறங்க வேண்டுமென்றால், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளில் ஓட்டி முடித்ததும் கணினித் திரையில் ஒரு கோட்டைக் காட்டுவார்கள். சுற்று முழுவதும் மிதி எவ்வளவு திறந்திருந்தது என்ற கோடு. புதியவரின் கோடு வளைவின் நடுவே ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ரம்பத்தின் பற்களைப் போல நிற்கும். தேர்ந்தவரின் கோடு ஒருமுறை கீழே போகும், கொஞ்ச நேரம் தரையிலேயே கிடக்கும், பிறகு ஒரே சரிவாக மேலேறி உச்சியில் நிற்கும். முதல் நாள் பயிற்சிக்குப் போகிறவர்கள் மொத்த நேரத்தைக் கேட்காமல், அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த வளைவில் அந்தப் பல் தெரிகிறது என்று பார்த்து, அடுத்த முறை அந்த ஒரு வளைவை மட்டும் திருத்தப் பாருங்கள்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கிளட்ச் தட்டு விலை பற்றிய கேள்விகளை மட்டும் முன் வரிசை மெக்கானிக்குகளிடமே கேட்டுவிடுங்கள்.